அப்பாவின் நாரி நோவும் முள்ளந்தண்டுச் சீழும்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். விசுவமடுவில் வயல் செய்யும் உங்கள் அப்பாவுக்கு 61 வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். புரட்டாதியில் வேலி அடைக்கும்போது பனங்கருக்கு வெட்டிய பாதப் புண் ஆறுவதற்கு மூன்று கிழமை சென்றது. அது ஆறிய கையோடு நாரி நோவு தொடங்கியது. ஒன்றரை மாதமாகப் பனடோலும் நோவு ஊசியும் பரியாரியாரின் எண்ணெயுமாக ஓட்டியிருக்கிறார். நேற்றிலிருந்து வலது கால் இழுபடுகிறது. முள்ளந்தண்டில் கிருமி தொற்றிச் சீழ் கட்டி நரம்பை அழுத்துகிறது என்றும், பெரிய வைத்தியசாலைக்கு மாற்றி எம்.ஆர்.ஐ. படம் எடுத்துச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வரலாம் என்றும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். பெரியப்பா மறிக்கிறார். முள்ளந்தண்டில் கத்தி வைத்தால் பிறகு சக்கர நாற்காலிதான் என்கிறார். முள்ளந்தண்டுக்குள் கிருமி எப்படிப் போனது, மருந்தால் மட்டும் மாற்ற முடியாதா, சத்திரசிகிச்சை செய்தால் அப்பா நடப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றிரவே மாற்றுவதற்குச் சம்மதியுங்கள். மிச்சத்தை அதன் பிறகு வாசியுங்கள். கால் இழுபடத் தொடங்கியவருக்கு இந்த நோயில் நாட்கணக்குக் கிடையாது, மணிக்கணக்குத்தான். கால் முழுவதும் அசைவற்றுப் போய் ஒன்று, ஒன்றரை நாள் கடந்துவிட்டால், அதன் பின் சீழை எடுத்தாலும் பலம் திரும்புவது அரிது. உங்கள் அப்பா இப்போது தடுமாறியாவது நடக்கிறார். சத்திரசிகிச்சை மேசைக்குப் போகும் நேரத்தில் காலில் எவ்வளவு பலம் இருக்கிறதோ, பெரும்பாலும் அதுதான் பின்னால் எவ்வளவு நடப்பார் என்பதைத் தீர்மானிக்கும். அப்பா தெளிவான நினைவோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சம்மதக் கையெழுத்து அவருடையது. பெரியப்பா இணங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் பெரியப்பாவின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். வன்னியில் இருப்பவருக்கு அந்தப் பயம் கண்ணால் கண்டதில் இருந்து வருகிறது. 2009 வரை நடந்த போரில் எறிகணைச் செல்லும் துப்பாக்கிச் சன்னமும் முள்ளந்தண்டில் பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்த பிள்ளைகள் நம்முடைய ஊர்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும். அவர்களில் பலருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகுதான் வீட்டார் அவர்களைச் சக்கர நாற்காலியில் பார்த்தார்கள். கத்தி வைத்ததால் கால் போனது என்ற எண்ணம் அங்கேதான் முளைத்தது. நடந்ததோ வேறு. செல் துண்டு பட்ட கணத்திலேயே முள்ளந்தண்டுக்கு உள்ளே ஓடும் முண்ணாண் என்ற பெரிய நரம்புத்தண்டு அறுந்தோ நசிந்தோ போய்விட்டது. அறுந்த முண்ணாணை ஒட்டவைக்க எந்தச் சத்திரசிகிச்சை நிபுணராலும் முடியாது.

உங்கள் அப்பாவின் நரம்பு அறுபடவில்லை. அதன் மேல் பாரம் ஏறியிருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும்போது இறப்பர்க் குழாயின் மேல் உழவு இயந்திரத்தின் சில்லு ஏறி நின்றால் மறுபக்கம் தண்ணீர் வராது. சில்லை நகர்த்தினால் வரும். இங்கே சத்திரசிகிச்சை என்பது சில்லை நகர்த்தும் வேலை. ஆனால் உடம்பு குழாயைப் போல எவ்வளவு நேரமும் காத்திருக்காது. சீழ் அழுத்துவதோடு, சுற்றியுள்ள சிறு இரத்தக் குழாய்களிலும் அழற்சி ஏற்பட்டு இரத்தம் உறைகிறது. முண்ணாணுக்கு இரத்தம் நின்றுவிட்டால் அந்த இடம் செத்துவிடும். காலையில் நடந்து கழிப்பறைக்குப் போனவர் மாலையில் காலை அசைக்க முடியாமல் கிடப்பது இதனால்தான்.

கிருமி அங்கே எப்படிப் போனது என்று கேட்டீர்கள். பாதத்தில் இருந்த புண்ணை நீங்கள் தற்செயலாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். தோலில் வாழும் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா இத்தகைய புண் வழியாக இரத்தத்தில் இறங்கும். சீனி கூடிய உடம்பில் வெள்ளை அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் கிருமி தப்பிப் பிழைத்து, இரத்த ஓட்டம் மிகுந்த முள்ளென்பில் போய்க் குடியேறுகிறது. அடுத்தடுத்த இரண்டு முள்ளென்புகளுக்கும் ஒரே நாடி கிளைவிட்டு இரத்தம் கொடுப்பதால், இரண்டும் அவற்றுக்கு நடுவே உள்ள தட்டும் சேர்ந்தே பழுதாகின்றன. புற்றுநோய் பெரும்பாலும் அந்தத் தட்டைத் தொடுவதில்லை. படத்தைப் பார்த்ததும் இது கிருமித்தொற்று என்று வைத்தியர்கள் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு சீழ் பின்பக்கமாக வழிந்து, முண்ணாணைப் போர்த்தியிருக்கும் உறைக்கு வெளியே உள்ள ஒடுங்கிய இடத்தில் தேங்குகிறது. அங்கே இருப்பது சிறிது கொழுப்பும் சில நாளங்களும்தான். சீழ் பரவ இடம் தேடி மேலும் கீழும் பல முள்ளென்புகளின் உயரத்துக்கு ஓடிவிடும்.

பாதத்துப் புண் ஒரு வழிதான். சலத்தில், அதாவது சிறுநீரில், வந்த கிருமி இடுப்பு நாளங்கள் வழியாக ஏறலாம். இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளிக்கு ஊசி ஏற்றும் இடத்தால் போகலாம். முள்ளந்தண்டிலேயே போட்ட ஊசியாலும் அரிதாக வரலாம்.

நம்முடைய மண்ணில் இந்த நோய் ஒளிந்துகொள்வதற்கு நல்ல மறைவிடம் இருக்கிறது. வரம்பு கட்டுபவருக்கும் நாற்று நடுபவருக்கும் கல் அரிபவருக்கும் நாரி நோகும். நோவது வழக்கம் என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, வைத்தியரும் சேர்த்து. நானும் பார்க்கத் தவறியிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் வன்னியின் அரச வைத்தியசாலைகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஒட்டுசுட்டான் பக்கத்து மேசன் ஒருவர் நாரி நோவென்று மூன்று முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். மூன்றாவது முறை அவரைப் பார்த்தது நான். வரிசை நீண்டிருந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை, முதுகைத் தட்டிப் பார்க்கவில்லை, நோவு ஊசி போட்டு அனுப்பினேன். ஐந்தாம் நாள் உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டு கால்களும் அசையவில்லை. சலப்பை தொப்புள் வரை வீங்கியிருந்தது. சீழ் எடுக்கப்பட்டது, உயிர் பிழைத்தார், நடக்கவில்லை. அவருடைய மனைவி என்னைக் குறை சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனது இன்றும் எனக்குத் தாங்க முடியாத நினைவு.

அதற்குப் பிறகு நாரி நோவென்று வந்த யாரையும் நான் சில கேள்விகள் கேட்காமல் விட்டதில்லை. வேலை நோவு படுத்தால் ஆறும். தொற்றின் நோவு படுத்தாலும் ஆறாது, இரவில் எழுப்பிவிடும். முதுகின் நடுக்கோட்டில் ஒவ்வொரு முள்ளாக விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினால் குறிப்பிட்ட ஒரு முள்ளில் ஆள் துள்ளுவார். சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமல் சீனி ஏறிக்கொண்டே போகும். காய்ச்சல் இருந்தே ஆகவேண்டும் என்று எண்ணவேண்டாம். நாரி நோவு, காய்ச்சல், கால் பலவீனம் ஆகிய மூன்றும் ஒன்றாகத் தென்படுவோர் சிலரே. போதாததற்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பனடோல் போடுபவரின் காய்ச்சல் எங்கே வெளியே தெரியும்? வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையும் சில நேரம் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரண்டு இரத்தப் பரிசோதனைகளும் ஏறக்குறைய எப்போதும் கூடியிருக்கும். இரண்டும் விலை குறைந்தவை. எக்ஸ்ரேயை நம்பி இருக்கக்கூடாது. என்பின் கனிமம் மூன்றிலொரு பங்காவது கரைந்தால்தான் அதில் தெரியும். முதல் இரண்டு மூன்று கிழமைகளில் எடுத்த எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

நோய் நகரும் ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் ஒரே இடத்தில் நோவு. பிறகு அது மின்சாரம் பாய்ந்ததுபோல விலாவைச் சுற்றியோ காலின் வழியாகவோ இறங்கும். அதன் பின் கால் பலவீனம், விறைப்பு, சலமலக் கட்டுப்பாடு குழம்புதல். கடைசியில் முழு வாதம். முதல் படியில் கிழமைக்கணக்காக இருப்பவர் மூன்றாம் படியிலிருந்து கடைசிப் படிக்கு ஒரே இரவில் சரிந்துவிடலாம். உங்கள் அப்பா மூன்றாம் படியில் நிற்கிறார்.

ஒரு விடயத்தை இன்றே கேட்டறியுங்கள். சலம் தடையில்லாமல் போகிறதா, சைக்கிள் இருக்கையில் படும் இடம் விறைத்திருக்கிறதா? வயதான ஆண்கள் இதை மகளிடம் சொல்லமாட்டார்கள். உங்கள் கணவரையோ தம்பியையோ கேட்கச் சொல்லுங்கள். சலம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால், சலப்பை நிறைந்து வழிகிறது என்று பொருள். அதை உடனே தாதியிடம் சொல்லவேண்டும். குழாய் போட்டு சலத்தை எடுக்காவிட்டால் சிறுநீரகமும் பழுதாகும்.

அடுத்தது மருந்து. எந்தக் கிருமி என்று தெரியாமல் சரியான மருந்து கொடுக்க முடியாது. அதனால்தான் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கும் முன்பு இரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்க்க அனுப்புகிறார்கள். தேவையானால் முள்ளென்புக்குள் ஊசி செலுத்திச் சிறு துண்டும் எடுப்பார்கள். அப்பா இந்த ஒன்றரை மாதத்தில் கடையில் வாங்கி ஏதாவது கிருமி மருந்து போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வெறும் அட்டையையாவது கொண்டுபோங்கள். அரைகுறையாகப் போட்ட மருந்து கிருமியைக் கொல்லாமல் பரிசோதனையில் தெரியாமல் மட்டும் ஆக்கிவிடும்.

மூன்றில் இரண்டு பங்குச் சீழ்க்கட்டிகளுக்கு நான் சொன்ன ஸ்டெஃபிலோகொக்கஸ்தான் காரணம். ஆனால் வன்னியில் இன்னும் இரண்டை மறக்கக்கூடாது. ஒன்று காசநோய். பெர்சிவல் பொட் என்ற ஆங்கிலச் சத்திரசிகிச்சை நிபுணர் 1779இல் கூன் விழுந்து கால் வாதமாகும் நோயை விவரித்தார். அதன் கிருமியை றொபேர்ட் கொக் 1882இல் கண்டுபிடித்தார். காசநோய் என்றால் இருமல்தான் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். முள்ளந்தண்டுக் காசநோயாளிகள் பலருக்கு இருமலே இருக்காது. மாதக்கணக்கில் மெல்ல நோகும், பின்னேரத்தில் உடம்பு சுடும், இரவில் வியர்க்கும், மெலிவார்கள், முதுகில் ஒரு முள் புடைத்து நிற்கும். மெதுவாக அழுத்துவதால் இங்கே நரம்பு கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது. கிழமைக்கணக்காகக் கால் வராதவர்கள்கூட மருந்தோடு எழுந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மாத்திரைகளை ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை விடாமல் எடுக்கவேண்டும். மார்பு நோய் கிளினிக்கில் அவை இலவசம். சலம் செம்மஞ்சளாகப் போவது றிஃபாம்பிசின் மருந்தின் நிறம், அதற்குப் பயந்து நிறுத்தக்கூடாது.

மற்றது மெலியோய்டோசிஸ். பெயர் நம் ஊரில் பலருக்குப் பழக்கமில்லை, ஆனால் வயல்காரர் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. பேர்க்கோல்டேரியா சூடோமலை என்ற கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. மழைக்காலத்தில் சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் சீனி நோயாளியைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. இலங்கையில் இது நீண்ட காலம் அரிதென்று எண்ணப்பட்டது. 2006க்குப் பிறகு தேடிப் பார்க்கத் தொடங்கியதும் நோயாளிகள் வரிசையாகக் கண்டறியப்பட்டார்கள். நுரையீரல், ஈரல், மண்ணீரல், என்பு என்று எங்கும் சீழ் கட்டும். வழமையாகக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு இது மசியாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியைக் கிழமைக்கணக்காக ஏற்றி, அதன் பிறகு கோட்ரைமொக்சசோல் மாத்திரையை மாதக்கணக்காகக் கொடுக்கவேண்டும். இரணைமடுக் குளத்திலும் முத்தையன்கட்டுக் குளத்திலும் தண்ணீர் திறந்து காலபோக நெற்செய்கை நடக்கும் இந்த நாட்களில், அப்பா வயல் செய்பவர், காலில் புண் இருந்தது, சீனி இருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். 'வேலை என்ன' என்ற கட்டத்தில் விவசாயம் என்று எழுதியிருக்கும். சேற்றில் இறங்கினார் என்று நீங்கள் சொன்னால்தான் ஆய்வுகூடம் அந்தக் கிருமியையும் மனதில் வைத்துத் தேடும்.

எம்.ஆர்.ஐ. பற்றி வன்னி மக்கள் கட்டாயம் அறியவேண்டிய ஒன்று இருக்கிறது. சீழ் எங்கே, எவ்வளவு உயரம், நரம்பை எவ்வளவு நெரிக்கிறது என்று சரியாகக் காட்டுவது அந்தப் படம்தான். ஆனால் அது மிக வலுவான காந்தம். அப்பாவின் தோளில் 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும், தங்கச்சி. இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம், சூடாகலாம். கண்ணிலோ முண்ணாணுக்கு அருகிலோ பெரிய இரத்தக் குழாய்க்கு அருகிலோ இருந்தால் ஆபத்து. தோள் தசையில் பல வருடங்களாகத் தழும்போடு இறுகிக் கிடக்கும் துண்டு பெரும்பாலும் தடையாக இருக்காது. அதை எக்ஸ்ரேயில் பார்த்து முடிவெடுப்பது அவர்களுடைய வேலை. வேறெங்கும் துண்டுகள் இருக்கின்றனவா என்றும் தேடச் சொல்லுங்கள். அந்த நாட்களில் ஒரு காயத்தைத் தைக்கும்போது மற்றதைப் பார்க்க நேரம் இருக்கவில்லை. எம்.ஆர்.ஐ. முடியாது என்றால் சாய மருந்து ஏற்றி சி.ரி. எடுக்கும் வழி இருக்கிறது. துண்டைப் பற்றிச் சொன்னால் படம் எடுக்கமாட்டார்கள் என்று பயந்து மறைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம்.

மருந்தால் மட்டும் மாற்ற முடியாதா என்றால், சிலருக்கு முடியும். காலில் பலம் குறையாமல், கிருமி எது என்று தெரிந்து, வோட்டில் மணிக்கொரு தடவை பார்க்க ஆள் இருந்தால் மருந்தோடு காத்திருப்பார்கள். பலம் குறையத் தொடங்கியவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடிவிடுகிறது. சத்திரசிகிச்சையில் முதுகுப் பக்கமாகத் திறந்து, முண்ணாணை மூடியிருக்கும் பின்புற என்புத் தகட்டை எடுத்து, சீழைக் கழுவி வெளியேற்றுவார்கள். முன்பக்க முள்ளென்பு உளுத்துப் போயிருந்தால் தண்டும் திருகாணியும் வைத்து நிமிர்த்துவார்கள். ஆபத்து இல்லையென்று நான் சொல்லமாட்டேன். மயக்க மருந்து, இரத்தப்போக்கு, சீனி எல்லாமே கணக்கில் இருக்கின்றன. நரம்பு ஏற்கெனவே எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பது திறந்து பார்த்தாலும் முழுதாகத் தெரியாது. நடப்பார் என்று யாரும் உங்களுக்குச் சத்தியம் செய்து தர முடியாது. ஆனால் சீழை உள்ளே விட்டால் நடக்கமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. உயிருக்கும் ஆபத்து.

பரியாரியாரிடம் நான் பகை பாராட்டுபவன் அல்ல. சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அவர் கை நல்லது. உளுத்த முள்ளென்பின் மேல் எண்ணெய் போட்டு உருவினால் அது நொறுங்கி உள்ளே சரியலாம். ஆகவே இனி அந்த முதுகில் எவரும் கை வைக்கக்கூடாது.

பிறகு வரும் காலம் நீண்டது. ஊசி மருந்து ஆறு கிழமையோ அதற்கு மேலோ போகலாம். மூன்றாம் கிழமையில் நோவு குறைந்ததும், வயல் கிடக்கிறது வீட்டுக்குப் போகிறேன் என்று அப்பா அடம்பிடிப்பார். அப்போதுதான் நீங்கள் உறுதியாக நிற்கவேண்டும். இடையில் விட்டுப் போனவர்கள் மறுபடி வந்தபோது நிலைமை மோசமாக இருந்தது. இன்சுலினை மறுக்க விடாதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவையுங்கள். பிட்டத்திலும் குதியிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். உணர்வு குறைந்த இடத்தில் படுக்கைப்புண் நோவில்லாமலே ஆழமாகும், அதுவே அடுத்த தொற்றுக்கு வாசல். இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாத பிள்ளையை வருடக்கணக்காகப் பார்க்கும் தாய்மார் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். இந்த ஒரு விடயத்தில் பல வைத்தியர்களைவிட அவர்களுக்குத் தெரியும். போய்க் கேளுங்கள். எழுந்து நடந்தபின் வயலுக்குப் போனால் முழங்கால் வரை சப்பாத்து வேண்டும், பாதத்தில் சிறு கீறல் இருந்தாலும் அன்று சேற்றில் இறங்கக்கூடாது.

இன்றிரவு அம்புலன்ஸில் அப்பாவை உட்கார வைக்க வேண்டாம். மட்டமாகப் படுக்கவையுங்கள். தூக்கும்போது தலை, தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் நான்கு பேராகச் சேர்ந்து ஒரே மரக்கட்டையைப் போலப் புரட்டித் தூக்கவேண்டும். சத்திரசிகிச்சை நடக்கக்கூடும் என்பதால் சாப்பாடு கொடுக்க முன்பு தாதியிடம் கேளுங்கள். புறப்படும்போது இரண்டு கால் பெருவிரல்களையும் அசைக்கச் சொல்லிப் பார்த்து, நேரத்தை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஏ9 வீதியில் ஒரு முறையும் அங்கே போய் இறங்கியதும் ஒரு முறையும் பாருங்கள். அசைவு குறைந்திருந்தால் கிளினிக் கொப்பியை நீட்டுவதற்கு முன்பு வாசலில் நிற்கும் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.